ஒரு வீடு, ஆறு அடுப்பு

போன வைகாசியில் காரைக்குடிப் பக்கம் எங்கள் பங்காளி வீட்டில் கல்யாணம். அலுவலக நண்பர் ஒருவர் தானும் வருவதாக ஒட்டிக்கொண்டார். எழும்பூரில் பல்லவனில் ஏறியதிலிருந்து அவருக்கு ஒரே பேச்சுதான். "ஊர் ஊரா செட்டிநாடு சிக்கன் சாப்பிட்டிருக்கேன் சார். நாளைக்கு அது பிறந்த வீட்டிலேயே சாப்பிடப் போறேன்." நான் ஒன்றும் சொல்லவில்லை. சில பாடங்களை இலை முன்னால் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்.

காலைப் பந்தியில் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் வந்தன. பின்னாலேயே இடியாப்பம், கத்தரிக்காய்க் கோசமல்லி, கந்தரப்பம், நெய்யும் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்ட கவுனி அரிசி. மனிதர் ரசித்துத்தான் சாப்பிட்டார். மதியம் பருப்பு, நெய், சாம்பார், மண்டி, கூட்டு, பிரட்டல் என்று இலை நிறைந்தது. பாயசத்தை வழித்துக்கொண்டே என் பக்கம் சாய்ந்து, "கோழி ராத்திரிக்கா?" என்றார். எதிர்ப்பந்தியில் இருந்த பெரியப்பச்சி காது மெஷினைக் கழற்றி வைத்திருந்தது அன்று நல்லதாகப் போயிற்று.

நாங்கள் நகரத்தார், செட்டியார்கள். எங்கள் கல்யாண வீட்டில் சைவம்தான். கோழியும் நண்டும் உண்டு, இல்லையென்று பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்கென்று நாள் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இல்லை, கார்த்திகை இல்லை, நோன்பு நாளில் இல்லை, நல்லது கெட்டதுக்கு இல்லை. உலகம் முழுக்கப் பெயர்ப்பலகையில் கோழியோடு சேர்ந்து நிற்கிற ஊருக்குள் வந்து, ரெண்டு நாள் கோழியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் நண்பர் திரும்பினார். திரும்பும் ரயிலில் அவர் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம். "அப்ப நீங்க சைவமா, அசைவமா சார்?"

சிரித்து மழுப்பிவிட்டேன். பதில் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

சைவம் என்ற சொல்லையே பாருங்கள். சிவனைக் கும்பிடுகிற நெறிக்கு அது பெயர். அதே சொல்தான் கறி மீன் இல்லாத சாப்பாட்டுக்கும். ஐயங்கார் வீட்டுப் பையன்கூட வெளியூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் 'சைவ ஓட்டல் எங்க இருக்கு' என்றுதான் விசாரிக்கிறான். யாழ்ப்பாணத்தில் 'சைவக்கடை' என்றால் எல்லோருக்கும் விளங்கும். ஒரு சமயத்தின் பெயரே சாப்பாட்டின் பெயராகவும் ஆகிவிட்டதில் நமக்கு ஒரு சௌகரியம் கிடைத்தது. இலையைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் சமயத்தையும் சுத்தமாக வைத்துக்கொண்டதாக நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் சேக்கிழாரின் பெரியபுராணம் அந்தச் சௌகரியத்தைக் கொடுக்க மறுக்கிறது. காளத்தி மலையில் திண்ணன் என்ற வேடன் பன்றிக் கறியைச் சுட்டு, பதம் பார்க்க ஒவ்வொரு துண்டாகத் தானே கடித்து, நல்லதாக இருப்பதை மட்டும் எடுத்துச் சிவனுக்கு வைக்கிறான். மறுநாள் வருகிற சிவகோசரியார் அதைப் பார்த்துப் பதறுகிறார், கழுவுகிறார், மறுபடி ஆகம முறைப்படி பூசை செய்கிறார். வேடன் மறுபடி வருகிறான். ஆறாம் நாள் லிங்கத்தின் கண்ணில் இரத்தம் கண்டு தன் கண்ணைத் தோண்டி அப்பினவன் வேடன். சிவகோசரியார் மறைந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சைவத்தின் அறுபத்துமூவரில் இடம் வேடனுக்குத்தான், கண்ணப்ப நாயனார் என்ற பெயரில்.

இதை வைத்து 'அப்ப கறி சாப்பிடலாம்' என்று தீர்ப்பு எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கண்ணைக் கொடுக்கிற உத்தேசம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். நான் சொல்ல வருவது வேறு. அதே புராணத்தில் எங்கள் சிவகங்கை மாவட்டத்துக்காரர் ஒருவர் இருக்கிறார்: இளையான்குடி மாறனார். (எங்கள் ஒன்பது கோயிலில் ஒன்றான இளையாற்றங்குடி வேறு, இது வேறு. வெளியூர்க்காரர்கள் எப்போதும் குழப்பிக்கொள்வார்கள்.)

மாறனார் செல்வமாக இருந்தவர், வந்தவருக்கெல்லாம் சோறு போட்டே நொடித்தவர். ஒரு மழை ராத்திரி. வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. நனைந்துகொண்டு ஓர் அடியவர் வாசலில் நிற்கிறார். மாறனார் இருட்டில் வயலுக்குப் போகிறார். அன்று பகலில் விதைத்த நெல் மழையில் மிதந்து ஒதுங்கிக் கிடக்கிறது. அதை வாரிக் கூடையில் சுமந்து வருகிறார். அடுப்பெரிக்க விறகு இல்லை, கூரையின் கட்டையை அறுத்துப் போடுகிறார். குழம்புக்கு ஒன்றும் இல்லை, கொல்லையில் இன்னும் வளராத கீரையைப் பறித்துக் கொடுக்கிறார். அவர் மனைவி விதைநெல்லை வறுத்துக் குத்திச் சோறாக்கி, அந்த ஒரே கீரையை விதவிதமாகச் சமைக்கிறாள்.

இரண்டு கதையிலும் இலையில் என்ன இருந்தது என்பதைச் சேக்கிழார் மறைக்கவில்லை. ஒருவர் வைத்தது பன்றிக் கறி, ஒருவர் வைத்தது கீரை. ஆனால் அவர் நின்று நிதானித்துச் சொல்வது அது எப்படி இலைக்கு வந்தது என்பதைத்தான்.

நான் இதையெல்லாம் யோசிக்க ஆரம்பித்தது பக்தியால் இல்லை, சர்க்கரையால். மூன்று வருஷம் முன்னால் ஒரு பரிசோதனை. மூன்று மாதச் சராசரி 8.9 என்று வந்தது. டாக்டர் ஒரு தாள் கொடுத்தார். சாப்பிட வேண்டியது ஒரு பக்கம், கூடாதது ஒரு பக்கம். மகள் என் போனில் ஒரு செயலியை ஏற்றிவிட்டாள். தட்டைப் படம் எடுத்தால் கலோரி சொல்லும். முதல் நாள் மண்டியைப் படம் எடுத்தேன். அது யோசித்து யோசித்து 'காபி' என்றது.

மண்டி தெரியாதவர்களுக்காக: அரிசி கழுவிய தண்ணீரில் புளியைக் கரைத்து, வெண்டைக்காயோ மொச்சையோ மாங்கொட்டையோ போட்டு வைப்பது. மழை குறைந்த பூமியில் ஊருணித் தண்ணீரைச் சுமந்து வந்து குடித்தவர்கள் கண்டுபிடித்த குழம்பு. அரிசி கழுவிய தண்ணீரைக் கொட்ட மனம் வராத ஜனம். இப்போது நட்சத்திர ஓட்டலில் சின்னக் கிண்ணத்தில் பெரிய விலைக்கு வைக்கிறார்கள். தண்ணீரை மட்டும் தாராளமாகக் கொட்டுகிறார்கள்.

லீவு போட்டுவிட்டு ஊரில் போய் ஒரு மாதம் இருந்தேன். ஆத்தாவுக்கு (அம்மாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) எண்பது தாண்டிவிட்டது. டாக்டர் தாளை வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுல அளவு எங்கப்பா எழுதியிருக்காக?" என்றாள். என்ன சாப்பிடலாம் என்றுதான் தாள் முழுக்க இருந்தது. எவ்வளவு என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கு வள்ளுவர் ஞாபகம் வந்தார். 'மருந்து' என்று தலைப்பு வைத்த அதிகாரத்தில் ஒரு மருந்தின் பெயர்கூடக் கிடையாது. முன்னால் சாப்பிட்டது செரித்ததா, பசி இருக்கிறதா, அளவு தெரிகிறதா, இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

ஊரில் எனக்கு வேலை இல்லாததால் புத்தகங்களைப் புரட்டினேன். கீதையின் 17-ஆம் அத்தியாயத்தில் உணவு மூன்று வகை என்று வருகிறது. காரம், புளிப்பு, உப்பு, சூடு மிஞ்சியது ராஜசம். சமைத்து நேரம் கடந்தது, பழையது, மிச்சம், இவை தாமசம். நான் ஆத்தாவிடம் சொன்னேன், "ஆத்தா, நம்ம ஊர்ச் சமையல் மொத்தமும் ராஜசம். நீங்க காலையில குடிக்கிற நீராகாரம் தாமசம்." ஆத்தா அசரவில்லை. "குசேலர் முடிஞ்சுக்கிட்டுப் போன அவல் எத்தனை நாள் பழசாம்? அதைப் பிடுங்கித் தின்னது யாரு?" என்றாள். நான் அத்தியாயத்தை மூடிவிட்டேன்.

சாந்தோக்கிய உபநிடதம் அப்படி மூட விடவில்லை. உத்தாலகர் தன் மகன் சுவேதகேதுவுக்குச் சொல்கிறார்: சாப்பிடுகிற சோறு மூன்றாகப் பிரிகிறது, பருமனானது கழிவாகிறது, நடுவில் இருப்பது சதையாகிறது, மிக நுட்பமானது மனமாகிறது. மகன் பன்னிரண்டு வருஷம் வேதம் படித்துவிட்டு மிதப்பாக வந்தவன். நம்பவில்லை போலும். அப்பா சண்டை போடவில்லை. "பதினைந்து நாள் சாப்பிடாதே, தண்ணீர் மட்டும் குடி" என்கிறார். பதினாறாம் நாள் வேதத்தைச் சொல்லச் சொல்கிறார். ஒரு வரி வரவில்லை. பெரிய நெருப்பு அவிந்து மின்மினி அளவுக் கங்கு ஒன்றுதான் மிச்சம், அதனால் எதையும் எரிக்க முடியாது என்கிறார் அப்பா. போய்ச் சாப்பிட்டு வா. சாப்பிட்டு வந்ததும் எல்லாம் ஞாபகம் வருகிறது. புல்லைப் போட்டதும் கங்கு பற்றிக்கொண்டது.

தத்துவத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று தெரிந்து பட்டினி போட்டுப் புரியவைத்த அந்த வாத்தியாரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். உடம்பை மட்டமாக நினைத்து உள்ளே மட்டும் பார்க்கச் சொல்கிற சாமியார்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இனி அடுப்புக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டைக் கட்டியவர் ஐயாவின் அப்பச்சி, அதாவது தாத்தாவின் அப்பா. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் வாசல் வைத்து அடுத்த தெருவில் கொல்லைக் கதவு திறக்கிற வீடு. அதில் என் சின்ன வயதில் ஆறு அடுப்பு எரிந்தது. அப்பத்தா அடுப்பு ஒன்று, ஐந்து மகன்களுக்கு ஐந்து. ஒரே கூரை, ஒரே கிணறு, ஒரே சாமி அறை. சமையல் மட்டும் தனி. எங்களில் இதை 'வேறு வைப்பது' என்பார்கள். மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் ஒரு நல்ல நாள் பார்த்து, பாத்திரம் பண்டமும் அரிசி பருப்பும் கொடுத்து, 'இனி உங்கள் பாடு' என்று தனி அடுப்பு மூட்டி வைத்துவிடுவார்கள். கோபித்துக்கொண்டு பிரிவது இல்லை இது. முறை. வெளியூர்க்காரர்களுக்கு இதை விளங்க வைப்பது கஷ்டம். 'ஒரே வீட்டுல மாமியாருக்குத் தனிச் சோறா?' என்று முகம் சுளிப்பார்கள். எதிரெதிர் அடுப்பில் சமைத்து, கிண்ணத்தில் குழம்பை மாற்றிக்கொண்டு, சண்டையில்லாமல் நாற்பது வருஷம் இருந்த மாமியார் மருமகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆத்தாவை வேறு வைத்தபோது ஐயா எழுதிய சிட்டை இன்னும் பெட்டகத்தில் இருக்கிறது. 1962, தை. நெல், துவரம்பருப்பு, புளி, வரமிளகாய், மல்லி, நல்லெண்ணெய், விறகு. ஒவ்வொன்றுக்கும் நேரே அளவு, அளக்கிறதெல்லாம் படி, உழக்கு, ஆழாக்குக் கணக்கில். ஒரு வருஷத்துக்கு இவ்வளவு. மிஞ்சினால் உன் சாமர்த்தியம், தீர்ந்தால் உன் கணக்கு. வந்த விருந்தாளியும் இதற்குள்தான். வந்தவரை அனுப்பவும் கூடாது, அளவைத் தாண்டவும் கூடாது. பதினெட்டு வயசுப் பெண் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று சமைத்தாள். மாங்கொட்டையையும் அரிசி கழுவிய தண்ணீரையும் எறியாத கை அங்கே பழகியதுதான். தினமும் உலையில் போடும் முன்னால் ஒரு பிடி அரிசி தனிப் பானையில் விழும். கோயிலுக்கும் கேட்டு வருகிறவர்களுக்கும் அது.

இன்னொன்று. கல்யாணமான தம்பதி எங்கள் கோயில் கணக்கில் ஒரு 'புள்ளி'. கோயிலுக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி கட்ட வேண்டும். வீட்டில் ஓர் அடுப்பு, கோயிலில் ஒரு புள்ளி. நான் ஆடிட்டர், ஆகையால் எனக்கு இதில் ஒரு சொந்த ரசனை உண்டு. சோறு, சாமி, கணக்கு மூன்றையும் ஒரே நூலில் கோத்த ஏற்பாடு இதைப் போல வேறொன்றை நான் பார்த்ததில்லை.

இங்கே நிறுத்திவிட்டால் பெருமைப் பதிவாகிவிடும். அது நியாயம் இல்லை.

அதே சாந்தோக்கியத்தின் ஏழாம் அத்தியாயத்தில், ஆகாரம் சுத்தமானால் உள்ளம் சுத்தமாகும் என்று ஒரு வாக்கு வருகிறது. ஆகாரம் என்றால் என்ன? ராமாநுஜர் வழியில் அது வாய்வழி உண்கிற உணவுதான். அதற்கு மூன்று வகைக் குற்றம் சொன்னார்கள்: பொருளின் இயல்பால் வருவது, யாரிடமிருந்து வந்தது என்பதால் வருவது, முடி தூசி விழுந்து வருவது. முதலாவதும் மூன்றாவதும் எளிது. நடுவில் இருப்பதற்கு ஆசிரய தோஷம் என்று பெயர், அதுதான் நம்மைக் கெடுத்தது. 'யார் கையால் வந்தது' என்ற கேள்வியை நாம் எப்படிப் பயன்படுத்தினோம் என்று எல்லோருக்கும் தெரியும். யார் அடுப்படிக்குள் வரலாம், யாருக்குச் சிரட்டையில் ஊற்ற வேண்டும், எந்தப் பந்தியில் யார் உட்காரக் கூடாது, இதற்கெல்லாம் அந்தக் கேள்விதான் காவல்காரன்.

1897-ல் விவேகானந்தர் பாம்பனில் இறங்கி வடக்கே போகிற வழியில் மானாமதுரையில் நின்றார். சிவகங்கை, மானாமதுரைக்காரர்கள் சேர்ந்து வரவேற்பு கொடுத்தார்கள். ஊர்வலமும் மாலையும் வாங்கிக்கொண்டு அவர் பேசிய பேச்சு சுடச்சுட இருந்தது. நாம் வேதாந்தியும் இல்லை, புராணக்காரரும் இல்லை, நம் மதம் அடுப்படிக்குள் இருக்கிறது, சட்டிதான் நம் சாமி, தொடாதே என்பதுதான் நம் மதம் என்ற பொருளில் அவர் சொன்னது இந்த மாவட்டத்தில்தான். விவேகானந்தர் படம் மாட்டாத பள்ளிக்கூடம் எங்கள் பக்கம் குறைவு. அந்தப் பேச்சை மாட்டி வைத்த இடத்தை நான் பார்த்ததில்லை.

அந்த நடுக்குற்றத்தை நான் எங்கள் வீட்டுப் பக்கமே திருப்பிப் பார்க்கிறேன். யாரிடமிருந்து வந்தது? ஐயாவின் அப்பச்சிக்குக் கீழ் பர்மாவில் கொடுக்கல் வாங்கல். பர்மாத் தேக்கும் அங்கிருந்து வந்த பணமும்தான் இந்த வீடு. கீழ் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் பயிர் நிலத்தில் நூற்றுக்கு ஆறு செட்டியார்கள் கையில் இருந்தது. 1937-ல் அது இருபத்தைந்து. நடுவில் உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை சரிந்தது, குடியானவன் கடன் கட்ட முடியவில்லை, அடமான நிலம் கைமாறியது. நம்மவர் பலரும் நிலத்தை ஆசைப்பட்டு எடுக்கவில்லை, பணம்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது என்பதும் உண்மை. 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது போட்டது போட்டபடி ஓடி வந்ததும், அப்புறம் சுதந்திர பர்மாவில் நிலமெல்லாம் போனதும் உண்மை. ஆனாலும் உழுதவன் நிலம் இழந்த வருஷங்களில் எங்கள் வளவில் அளந்து போட்ட அரிசிக்கு ஒரு பூர்வ கதை இருக்கிறது. அடுப்படிக்கு வெளியே நின்ற ஏழையின் கையைப் பார்த்தோம், உள்ளே இருந்த குதிருக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. ஆசிரய தோஷம் என்று ஒன்று உண்டு என்றால் அது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆத்தாவிடம் இதைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தாள். "உங்க ஐயா கடைசிக் காலத்துல ராத்திரிச் சாப்பாட்டை விட்டாக. வயித்துக்கு ஆகலைன்னு சொன்னாக" என்றாள். அவ்வளவுதான். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

இப்போது நம் முறைக்கு அதே கேள்வி. பத்து நிமிஷத்தில் வாசலில் சோற்றை வைத்துவிட்டு வியர்வையோடு ஓடுகிற பையன் இன்றைக்கு எத்தனை மணிக்குச் சாப்பிட்டான்? நான் 'ஆர்கானிக்' என்று தேடி வாங்குகிற பையில் விளைவித்தவனுக்கு என்ன போய்ச் சேர்ந்தது? கவுனி அரிசி இப்போது சென்னைக் கடைகளில் சர்க்கரைக்கு மருந்து மாதிரி விற்கிறது. எங்கள் வீட்டில் அதைச் சீனியும் நெய்யும் இல்லாமல் யாரும் தொட்டதில்லை. அந்த மருந்தைச் சாப்பிட்டுத்தான் எனக்குச் சர்க்கரையே வந்தது என்று நினைக்கிறேன். போகட்டும்.

ஆகாரம் சுத்தமானால் உள்ளம் சுத்தமாகும் என்ற அந்த வாக்குக்குச் சங்கரர் வேறு பொருள் சொன்னார். ஆகாரம் என்றால் புலன்கள் வழியாக உள்ளே இழுத்துக்கொள்கிறதெல்லாம். கண்ணால், காதால் சாப்பிடுவதும் ஆகாரமே. ஆசை, வெறுப்பு, மயக்கம் கலக்காமல் உள்ளே எடுத்துக்கொள்வதுதான் சுத்தம். எனக்கு இது போனைக் கையில் வைத்திருந்தபோதுதான் உறைத்தது. ராத்திரி ஏழு மணிக்கு மேல் ஒன்றும் சாப்பிடாமல் இருக்கப் பழகிவிட்டேன். பதினோரு மணி வரைக்கும் ரீல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதிலும் பாதி மற்றவர்கள் பிரியாணி தின்கிற ரீல்ஸ். சுவேதகேதுவைப் பதினைந்து நாள் பட்டினி போட்ட அப்பா என்னைப் பார்த்திருந்தால் சோற்றை விட்டுவிட்டு போனைப் பிடுங்கியிருப்பார். இப்போது ஊருக்குப் போனால் வளவில் ஆணியில் ஒரு பை தொங்கும், சாப்பாட்டு நேரத்தில் எல்லார் போனும் அதற்குள். மகள் ரெண்டு நாள் முறைத்தாள். மூன்றாம் நாள் அப்பத்தாவிடம் கோசமல்லி வைக்கிற பக்குவம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் முழுச் சைவம் ஆகவில்லை. ஆகிவிட்டேன் என்று சொன்னால் படிக்கிற உங்களுக்கு நிம்மதியாக இருக்கும், ஆனால் பொய். மாதத்தில் ஓரிரு தடவை மீன் உண்டு. உயிரைத் தின்கிறோம் என்ற உறுத்தலை வள்ளுவர் புலால் மறுத்தலில் எனக்குக் கொடுத்துவிட்டார். அதை நான் மறுத்து வாதம் செய்வதில்லை. தோற்றுக்கொண்டே இருக்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறேன். இந்த விஷயத்தில் எனக்குத் துணை சிறுகூடல்பட்டிக்காரர். 1927-ல் எங்கள் பக்கத்தில் பிறந்து, நாத்திகம் பேசி, கம்பனைத் திட்டுவதற்காகக் கம்பனைப் படித்து அதில் விழுந்து, கடைசியில் 'அர்த்தமுள்ள இந்துமதம்' எழுதிய கண்ணதாசன். சாப்பாடு, குடி என்று தன் பலவீனம் எதையும் மறைக்காமல் எழுதியவர். எல்லாம் ஜெயித்துவிட்ட துறவி எழுதியிருந்தால் இத்தனை பேர் அந்தப் புத்தகத்தை வீட்டில் வைத்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். தடுக்கி விழுகிறவன் சொல்கிற வழிக்கு ஒரு நம்பகம் இருக்கிறது.

மூன்று மாதச் சராசரி இப்போது 6.8. டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். தாளைப் பற்றிக் கேட்டார். ஆத்தா அளந்து போடுகிற ஆழாக்கைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார், எழுதிக்கொள்ளவில்லை.

ஆறு அடுப்பில் இப்போது ஒன்றுதான் எரிகிறது. மற்ற ஐந்தும் சிங்கப்பூர், சென்னை, கோவை, டெக்சாஸ் என்று போய்விட்டன. ஒன்றின் மேல் தண்ணீர் மோட்டார் பெட்டி இருக்கிறது. வருஷத்தில் ஒரு நாள் எல்லாம் கூடுவது பிள்ளையார் நோன்புக்குத்தான். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோரு நாள், நாளுக்கு ஓர் இழையாகப் புது வேட்டியிலிருந்து நூல் எடுத்துத் திரியாக்கி, சஷ்டியும் சதயமும் கூடுகிற மார்கழி நாளில் வெல்லமும் நெய்யும் பிசைந்த மாவில் அதைச் செருகி ஏற்றுவோம். வீட்டில் மூத்தவர் கையால் வாங்கி, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். இதற்கு 'இழை எடுத்துக்கொள்வது' என்று பேர். கடலில் புயலில் மாட்டிய வணிகர்கள், இருந்த மாவும் வெல்லமும் நெய்யும் வைத்து, கட்டியிருந்த துணியில் நூலெடுத்துப் பிள்ளையாரைக் கும்பிட்டார்கள் என்பது கதை. சின்ன வயதில் நாக்கு சுடுமே என்று பயப்படுவேன். அப்பத்தா, "வாயை மூடு, அது உள்ள போய் எரியட்டும்" என்பாள். உத்தாலகரின் மின்மினிக் கங்கைப் படித்தபோது எனக்கு அவள் குரல்தான் கேட்டது.

கல்யாணத்துக்கு வந்த நண்பர் இந்த மார்கழிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். கோழி கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். வாசிக்கிற உங்களில் யாராவது அந்தப் பக்கம் இருந்தால் நீங்களும் வரலாம். ஐந்து வகைப் பொரியும் இழை மாவும் இருக்கும், மதியம் சாப்பாடு இருக்கும். வருவதாக இருந்தால் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஆத்தா இன்னும் அளந்துதான் உலையில் போடுகிறாள்.